ஏரியைச் சுற்றி ஒரு மாரத்தான்: பெங்களூரில் முதன்முறை மண்பாதையில் 42 கிலோமீட்டர் ஓடப் போகிறவர்களுக்கு

பெங்களூரில் ஓடத் தொடங்கியவர்களிடம் மாரத்தான் என்றால், நகரத்தின் நடுவே ஆயிரக்கணக்கானோர் ஓடும் பெரிய பந்தயம்தான் நினைவுக்கு வரும். அது ஒரு வகை. இன்னொரு வகை, நகரத்தின் ஓரத்திலோ அதைத் தாண்டியோ இருக்கும் ஒரு ஏரியைச் சுற்றி, மண்பாதையில், நூறு இருநூறு பேர் மட்டும் கூடி ஓடுவது. தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான், 42.195 கிலோமீட்டர். ஆனால் ஓடும் விதம் வேறு, அதற்குத் தயாராகும் விதமும் வேறு.

முதல் மாரத்தானுக்கு ஏரிப் பந்தயமே நல்லது என்பது என் திடமான எண்ணம். மண் தரை காலை அடிக்காது. வழி தவறிப் போக முடியாது, ஏரி பக்கத்திலேயே இருக்கும். ஒரு சுற்று முடியும்போதெல்லாம் உங்கள் பையும் சாப்பாடும் தண்ணீரும் காத்திருக்கும். கடைசி ஆளாக வந்தாலும் கைதட்ட நாலு பேர் நிற்பார்கள், அவர்களுக்கு உங்கள் பெயரும் தெரிந்திருக்கும்.

அரை மாரத்தான் ஒன்றிரண்டு ஓடியவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இதுவரை 10 கிலோமீட்டர் மட்டுமே ஓடியிருந்தால், அதே பந்தயத்தில் பாதிச் சுற்றுகள் ஓடும் பிரிவு இருக்கிறதா என்று பார்த்து அதில் சேருங்கள். அடுத்த ஆண்டு முழுதும் ஓடலாம்.

இனி வரப்போகிற எல்லாவற்றிலும் முக்கியமானதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றை ஏரியைப் படிப்பதற்கென்றே ஒதுக்குங்கள். மீதிச் சுற்றுகளில் அந்தப் படிப்புதான் கைகொடுக்கும்.

ஏரியின் அமைப்பு

பெங்களூரின் ஏரிகள் பெரும்பாலும் மனிதர்கள் கட்டியவை. மழைநீரைத் தேக்கப் பள்ளத்தின் குறுக்கே மண்கரை போட்டார்கள். ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி தொடராக அமைத்தார்கள். தமிழ்நாட்டு ஏரிகளும் இதே கட்டுமானம்தான். கரை, மதகு (தண்ணீரைத் திறந்துவிடும் வாய்), கலிங்கு (நிரம்பிய நீர் வழியும் இடம்), உள்வாய் (கரைக்கு எதிரே உள்ள ஆழமில்லாத பக்கம்) என்ற பேச்சை ஊரில் கேட்டு வளர்ந்தவருக்கு இங்குள்ள ஏரிகள் புதிதாகவே இருக்காது. ஓடுகிறவருக்கு இந்த அமைப்பு தெரிந்திருப்பது பெரிய லாபம், ஏனென்றால் ஒவ்வொரு பகுதியிலும் தரை வேறு, காற்று வேறு, காலுக்கு வரும் வேலையும் வேறு.

கரை உயரமானது, நேரானது, கெட்டியானது. ஒரு பக்கம் அலை அரிக்காமல் இருக்கப் பதித்த கற்கள், அதற்கப்பால் தண்ணீர். மறுபக்கம் கீழே தென்னந்தோப்பு, வயல், இப்போதெல்லாம் அடுக்குமாடிக் கட்டடம். முழுச் சுற்றிலும் மிக வேகமாக ஓட முடிகிற இடம் இதுதான். அதனாலேயே புதியவர்கள் முதல் சுற்றில் தங்கள் பலத்தைக் கரையிலேயே செலவழித்துவிடுவார்கள். கரைமேல் நிழல் குறைவு. காலை எட்டரைக்கு மேல் வெயிலும் எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால், விடிகாலையில் பறந்த அதே கரை முடிவில்லாமல் நீளும். இன்னொன்று, பல கரைகளின் மேற்பரப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சுற்றுக்குச் சுற்று அதே பக்கம் சாய்ந்து ஓடினால் ஒரு முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கும். கரையின் அகலத்தில் சமமான தடம் எது என்று முதல் சுற்றிலேயே பார்த்து வைத்துக்கொண்டு அதிலேயே ஓடுங்கள்.

கரையின் ஒரு முனையில் கலிங்கு இருக்கும். ஏரி நிரம்பிய ஆண்டில் இங்கே தண்ணீர் வழியும், கல்லில் பாசி பிடித்திருக்கும். நடந்து கடந்து போங்கள். எல்லாச் சுற்றிலும் நடந்தே போங்கள். இங்கே மிச்சப்படுத்தும் பத்து விநாடிக்காக மணிக்கட்டை முறித்துக்கொள்ள வேண்டாம்.

கரைக்கு எதிர்ப்புறம்தான் ஏரியின் உள்வாய். பந்தயத்தை முடிவு செய்வது இந்தப் பகுதி. தண்ணீர் ஆழமில்லாமல் விரிந்து கிடக்கும். ஓரமெல்லாம் கோரையும் நாணலும். பாதை வளைந்து வளைந்து போகும். செம்மண் முடிந்து கறுத்த வண்டல் தொடங்கும். மழை பெய்திருந்தால் அது ஷூவின் அடியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் எடை கூட்டும். காய்ந்திருந்தால் மாடுகளின் குளம்புப் பள்ளங்கள் கல்லாக இறுகிக் கணுக்காலைப் பிரட்டப் பார்க்கும். நீர்மட்டம் ஏறினால் பாதையே பத்து மீட்டர் தள்ளிப் போய்விடும். போன ஆண்டு ஓடியவர் சொன்ன குறிப்பை இந்த ஆண்டு அப்படியே நம்பக் கூடாது.

அழகும் இங்கேதான். கூழைக்கடா, நீர்க்காகம், நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி எல்லாம் ஆழமில்லாத இந்தப் பக்கத்தில்தான் மேயும். ஆள்காட்டிக் குருவி நீங்கள் வருவதை ஊருக்கே அறிவிக்கும். பார்த்துக்கொண்டே ஓடுங்கள், ஆனால் நல்ல தரை வந்ததும் பாருங்கள். கரடான இடத்தில் கண் நாலைந்து அடி முன்னால் தரைமேல்தான் இருக்க வேண்டும்.

உள்வாயில் வரத்துக் கால்வாய் வந்து சேரும் இடம் ஒன்று இருக்கும். இங்கே அதை ராஜகாலுவே என்பார்கள். நகரத்துக்குப் பக்கத்து ஏரிகளில் அதில் சாக்கடையும் கலந்து வரும். அந்தத் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். காலில் சிராய்ப்போ உடைந்த கொப்புளமோ இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போக அது போதும். தவிர்க்கவே முடியாமல் நனைந்துவிட்டால், முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கடுமையான உடம்பு வலியும் வந்தால் மருத்துவரிடம் இந்தத் தண்ணீர் விஷயத்தைச் சொல்லுங்கள்.

நகரத்துக்கு வடமேற்கே உள்ள ஹெசரகட்டா ஏரியை ஒருமுறை போய்ப் பார்த்தால் நான் சொல்வது எல்லாம் கண்ணுக்குப் புரியும். பெங்களூருக்குக் குடிநீர் தருவதற்காக 1894-ல் அர்க்காவதி ஆற்றின் குறுக்கே கட்டியது. நீண்ட கரை, பரந்த உள்வாய், அதைச் சுற்றிப் புல்வெளி. பல ஆண்டுகள் தண்ணீரில்லாமல் கிடந்து, நல்ல மழைக்கு மறுபடி நிரம்பிய ஏரி அது. புல்வெளி பறவைகளின் வாழிடம், இருக்கும் தடத்தை விட்டு அதற்குள் இறங்க வேண்டாம்.

எந்தப் பந்தயம், எந்த மாதம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை தேடுங்கள். செப்டம்பரும் அக்டோபரும் இங்கே நல்ல மழை மாதங்கள், உள்வாய் முழுக்கச் சேறாக இருக்கும். மார்ச் பிறந்தால் வெயில். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்காலக் காலைகள் ஓடுவதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். ஆனால் அதே உயரத்தில் பத்து மணி வெயில் சுருக்கென்று ஏறும்.

பெயர் கொடுக்கும் முன் நடத்துகிறவர்களிடம் போன் போட்டுப் பேசுங்கள். சிறிய பந்தயத்தின் வசதியே அதுதான், நடத்துகிறவரே எடுத்துப் பேசுவார். முதலில் ஒரு சுற்று எவ்வளவு, மொத்தம் எத்தனை சுற்று என்று கேளுங்கள். 7 கிலோமீட்டர் சுற்று ஆறு என்றால் முதல் பந்தயத்துக்கு நல்ல அளவு. 3 கிலோமீட்டர் சுற்றைப் பதினான்கு முறை என்றால் மனது களைத்துவிடும், 21 கிலோமீட்டர் சுற்று இரண்டு என்றால் உதவி தூரமாகப் போய்விடும். அப்புறம் கட்-ஆஃப், அதாவது இதற்குள் முடித்தாக வேண்டும் என்ற நேர வரம்பு. மொத்த நேரத்துக்கு மட்டுமா, ஒவ்வொரு சுற்றுக்கும் உண்டா? ஏழு மணி நேரமாவது தரும் பந்தயமாகப் பாருங்கள். தண்ணீர் மேசை ஒரு சுற்றில் எத்தனை இடத்தில், ஆம்புலன்ஸ் நிற்குமா, கழிப்பறை உண்டா, பை வைக்க இடம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். பெண்கள் கழிப்பறைக் கேள்வியை விடாமல் கேட்க வேண்டும். 'இருக்கும், இருக்கும்' என்ற பதில் போதாது, எங்கே என்று சொல்ல வேண்டும்.

ஏரியின் பொறுப்பில் உள்ள துறையிடம் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நகருக்குள் உள்ள பல ஏரிகளின் வாயில்கள் காலையும் மாலையும் மட்டுமே திறந்திருக்கும். அனுமதி இல்லாமல் நடத்தினால் நடுவில் நிறுத்தச் சொல்வார்கள், உங்கள் நாலு மாத உழைப்பு போகும்.

மண்பாதை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ருசி பார்க்க வேண்டுமானால், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரங்கன்திட்டுப் பறவைகள் சரணாலயத்தின் பக்கம் வாய்க்கால் கரையோரமாக நடக்கும் காவேரி ட்ரெயில் மாரத்தானில் அரை மாரத்தான் பிரிவை ஓடிப் பாருங்கள். தட்டையான மண்தடம், ஒரு பக்கம் வாய்க்கால் தண்ணீர், மறுபக்கம் வயல். ஏரிப் பந்தயத்துக்கு அதைவிடப் பொருத்தமான முன்னோட்டம் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் இல்லை.

நாலு மாதத் தயாரிப்பு

வாரம் 25 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடுகிறவருக்குப் பதினெட்டு வாரம் போதும். வாரத்தில் நாலு நாள் ஓட்டம். இரண்டு நாள் 6 முதல் 8 கிலோமீட்டர், ஒரு நாள் 10 முதல் 14, ஞாயிற்றுக்கிழமை லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம். எல்லாமே பக்கத்தில் ஓடுகிறவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பேச்சு மூச்சில் அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

லாங் ரன் 14 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் இரண்டு கிலோமீட்டர் கூடட்டும். ஒவ்வொரு நாலாவது வாரமும் கால்வாசி குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். உச்சம் 30 அல்லது 32 கிலோமீட்டர், பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால். மண்பாதையில் அந்தத் தூரம் நாலரை மணி நேரத்தைத் தாண்டும்போல இருந்தால் நேரத்தைப் பார்த்து நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஓடினால் பயனைவிடக் களைப்புதான் மிஞ்சும். கடைசி மூன்று வாரம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இந்தக் காலத்தில் கால் துறுதுறுவென்று இருக்கும், இன்னும் ஓடியிருக்கலாமோ என்று தோன்றும். ஓடாதீர்கள்.

எங்கே ஓடுவது? அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜிநகர் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு அல்சூர் ஏரி வீட்டு வாசல் மாதிரி. 2009-ல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலைப் பக்கம் தொடங்கி வார நாள் ஓட்டங்களை முடித்துக்கொள்ளலாம், கப்பன் பார்க்கும் தூரமில்லை. ஆனால் இங்கெல்லாம் தார் அல்லது நடைபாதைக் கல் அதிகம். வாரத்தில் ஒருமுறையாவது மண்ணில் கால் பட வேண்டும். வடக்கே இருப்பவர்களுக்கு ஜக்கூர் ஏரி, சர்ஜாப்பூர் சாலைப் பக்கம் கைகொண்டரஹள்ளி ஏரி, தெற்கே கனகபுரா சாலையை ஒட்டித் துரஹள்ளிக் காடு. துரஹள்ளியில் கல்லும் வேரும் சின்ன மேடுகளும் உண்டு, கணுக்கால் பழகுவதற்கு நல்ல இடம். தனியாகப் போக வேண்டாம்.

லாங் ரன்னில் பாதியையாவது சின்ன ஏரியைச் சுற்றிச் சுற்றி ஓடுங்கள். வண்டியை நிறுத்திய இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் கடந்து போக வேண்டும், நிற்கக் கூடாது. சலிப்பாக இருக்கும். பந்தயத்தின் நாலாவது சுற்றில் வரப்போகிற சலிப்பு இதேதான், இங்கேயே அதைச் சந்தித்துப் பழகிவிடலாம். ஒரு வாரம் வலமாகவும் மறு வாரம் இடமாகவும் சுற்றுங்கள், இரண்டு காலுக்கும் வேலை சமமாகும்.

ஓடாத நாட்களில் இரண்டு நாள் கால்களுக்குப் பலம் ஏற்றும் பயிற்சி. வீட்டுப் படிக்கட்டு போதும். படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, ஒரு காலால் படியிலிருந்து மெதுவாகக் கீழே இறங்குவது, ஒற்றைக் காலில் நின்றபடி பல் துலக்குவது. மூன்றாவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் குளம்புப் பள்ளத்தில் கால் பிரளும்போது காப்பாற்றுவது அந்தச் சமநிலைதான்.

நடப்பதையும் பயிற்சி செய்யுங்கள். மலைப் பந்தயத்தில் ஏற்றம் வந்தால் யாரும் சொல்லாமலே நடப்போம். ஏரிப் பாதை தட்டையானது, அது உங்களை நடக்க வைக்காது. அதே தசை ஆறு மணி நேரம் ஒரே வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதனால் ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் வேக நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே பிரித்துக்கொள்வது நல்லது. களைத்த பிறகு நடக்கத் தொடங்கினால் மறுபடி ஓடத் தொடங்குவது மிகக் கடினம்.

காலுக்கும் உடம்புக்கும்

பாதை காய்ந்திருந்தால் தேய்மானமில்லாத சாதாரண ஓட்ட ஷூவே போதும். சேறு இருக்கும் என்று தெரிந்தால் அடியில் 4 மில்லிமீட்டர் அளவு பற்கள் உள்ள ட்ரெயில் ஷூ வாங்குங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் நகம் கறுத்துப் போகும். வாங்கிய ஷூவில் குறைந்தது 80 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் பந்தயத்துக்குப் போட வேண்டும். பருத்திக் காலுறை வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போடும்.

சீமைக் கருவேல முள் மெல்லிய அடிப்பாகத்தை ஊடுருவி வரும். உள்ளே ஏதோ குத்துகிறது என்று தோன்றினால் உடனே நின்று பாருங்கள்.

தொடையிடுக்கு, அக்குள், மார்பு, இடுப்பில் பெல்ட் உரசும் இடம் எல்லாவற்றிலும் வாசலின் தாராளமாகப் பூசுங்கள், பாதி தூரத்தில் ஒருமுறை மறுபடி. சுற்று முடியும் இடத்தில் வைக்கும் பையில் உலர்ந்த காலுறை ஒரு ஜோடி, இன்னொரு பனியன், பிளாஸ்டர், தொப்பி, ஓ.ஆர்.எஸ்., உங்களுக்குப் பழகிய தின்பண்டம். தொடக்கம் ஐந்தரை மணி என்றால் நெற்றியில் கட்டும் டார்ச்சும் வேண்டும், ஜனவரியில் ஆறே முக்காலை ஒட்டித்தான் சூரியன் எழும்.

சாப்பாடு, தண்ணீர்

சாலை மாரத்தானை நாலரை மணியில் முடிப்பவருக்கு ஏரிப் பாதையில் ஐந்தரை மணிக்கு மேல் ஆகலாம். புதியவர் ஆறு, ஆறரை மணி நேரத்துக்குத் தயாராக வேண்டும். அவ்வளவு நேரம் வயிறு காலியாக ஓட முடியாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம். அதோடு இரண்டு மூன்று பேரீச்சம்பழம் அல்லது ஒரு ஜெல் (ஓடுகிறவர்களுக்கென்று சின்ன உறையில் வரும் இனிப்புக் கூழ்) சேர்த்தால் ஒரு மணிக்கானது ஆயிற்று. உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டு மூன்றாவது மணிக்கு மேல் அமிர்தம், இனிப்பே வேண்டாம் என்று நாக்கு மறுக்கும்போது அதுதான் இறங்கும். கடலை மிட்டாய் பலருக்குப் பிடிக்கும், ஆனால் மென்று விழுங்க நேரமெடுக்கும், நடக்கும் நிமிடத்தில் சாப்பிடுங்கள். எதுவானாலும் லாங் ரன்னில் சாப்பிட்டுப் பழகியதாக இருக்கட்டும். பந்தய மேசையில் இருக்கும் புதுப் பண்டத்தைத் தொடாதீர்கள்.

பசிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். முதல் முப்பது நிமிடத்திலேயே ஆரம்பித்து, பிறகு அரை மணிக்கொருமுறை. பசி வந்துவிட்டால் பின்தங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். நிறையக் குடித்தால் நல்லது என்ற நம்பிக்கை ஆபத்தானது. மணிக்கணக்காக வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். விரல் வீங்கி மோதிரம் இறுகினால் குடிப்பதை நிறுத்தி உதவி கேளுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தைக் கொட்டினால் வயிறு கலங்கும்.

இன்னொரு எச்சரிக்கை, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஓடுவதற்கு முன்னாலோ நடுவிலோ வலி மாத்திரை போடாதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாத்திரை போட்டுத்தான் ஓட முடியும் என்ற நிலை வந்தால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது.

பந்தயத்துக்கு முந்தின இரவு சீக்கிரமாகச் சாப்பாடு. சாதம், ரசம், உருளைக்கிழங்கு போதும், காரமும் கீரையும் பருப்பும் குறைவாக. காலை, தொடக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி அல்லது ரொட்டியும் வாழைப்பழமும். வழக்கமாகக் காபி குடிப்பவர் குடிக்கலாம்.

அன்றைக்கு

ஞாயிறு காலை மெட்ரோ தாமதமாகத்தான் கிளம்பும், பெரும்பாலான ஏரிகளுக்கு அது போவதுமில்லை. ஓடாத ஒருவரை வண்டி ஓட்ட அழைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு இல்லையென்றாலும் வருவதற்கு. மாரத்தான் முடித்த கையோடு ஸ்கூட்டரில் முப்பது கிலோமீட்டர் திரும்பி வருவது, அன்று நீங்கள் செய்யும் காரியங்களிலேயே மிக ஆபத்தானது.

தொடங்கியதும் கடைசி வரிசையில் இருங்கள். குறுகிய தடத்தில் முந்திப் போக முயன்றால் முள்ளில்தான் இறங்க வேண்டும்.

முதல் சுற்றில் என்னென்ன பார்க்க வேண்டும்? கரையில் சமமான தடம் எது. நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இப்போது இருட்டாக இருந்தாலும் மரம் எந்தப் பக்கம் என்று தெரியும். காற்று எந்தத் திசையிலிருந்து. உள்வாயில் சேறு எத்தனை அடி நீளம், அதைச் சுற்றிப் போக வழி உண்டா. எந்த வீட்டுக்குப் பக்கத்தில் நாய் குரைக்கிறது. சுற்று முடியும்போது இவற்றை மனதுக்குள் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது சுற்றிலிருந்து எங்கே நடப்பது, எங்கே சாப்பிடுவது என்பதை இடத்தோடு சேர்த்து முடிவு செய்துவிடலாம். கலிங்கில் நடை, தைலமரத் தோப்பில் வாழைப்பழம், மதகருகே தண்ணீர் என்று. கடிகாரத்தைவிட இது நம்பகமானது. களைத்த தலை நிமிடக் கணக்கை மறக்கும், கலிங்கு கண்ணில் படாமல் போகாது.

கணக்கும் சுற்றில்தான். ஆறு சுற்று, இலக்கு ஆறரை மணி என்றால் சுற்றுக்கு 65 நிமிடம், கிலோமீட்டருக்குச் சுமார் 9 நிமிடம் 15 விநாடி. முதல் சுற்று 65-க்குக் குறைவாக வந்தால் வேகம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மூன்றாவது சுற்றில் குளிர் இருக்கும்போதே 62, 63 நிமிடத்தில் வரலாம். கடைசி இரண்டும் வெயிலில் 68 வரை போகும், அதற்கு இப்போதே இடம் விட்டாயிற்று. கையிலுள்ள ஜி.பி.எஸ். கடிகாரம் மரத்தடியிலும் வளைவுகளிலும் தூரத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டும். அதனோடு சண்டை போடாமல் சுற்றை எண்ணுங்கள். நடத்துகிறவர்கள் எண்ணினாலும் நீங்களும் எண்ணுங்கள், சுற்றுக்கு ஒரு ரப்பர் வளையத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினால் போதும்.

நாலாவது சுற்றின் முடிவுதான் பலர் நிற்கும் இடம். 28 கிலோமீட்டர் ஆகியிருக்கும், அரை மாரத்தான்காரர்கள் குளித்து உடை மாற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், நாற்காலி காலியாக இருக்கும். உட்காராதீர்கள். நின்றபடியே தொப்பி, பாட்டில், உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் கிளம்பி, நடந்தபடி சாப்பிடுங்கள். நிறுத்தலாமா என்ற கேள்வியை அந்த இடத்தில் எடுக்கவே வேண்டாம், உள்வாய் போய்ச் சேர்ந்ததும் யோசிக்கலாம் என்று தள்ளிவையுங்கள். உள்வாய்க்குப் போனவர் எப்படியும் சுற்றிக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.

இதற்கு விதிவிலக்கு உடம்பு. பந்தய நடுவில் குளிர் நடுக்கம், தள்ளாட்டம், பேச்சு குழறுவது, வெயிலில் வியர்வையே நிற்பது, நெஞ்சில் அழுத்தம், இவற்றில் எது வந்தாலும் நின்று பக்கத்தில் உள்ளவரிடம் சொல்லுங்கள். இன்னொருவர் அப்படித் தள்ளாடுவதைப் பார்த்தால் உங்கள் ஓட்டத்தை விட்டுவிட்டு அவரோடு நில்லுங்கள், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி 108-க்கு அழையுங்கள்.

நாய், பாம்பு, ஊர்க்காரர்கள்

நாய் குரைத்து வந்தால் ஓடாதீர்கள். நின்று, மெதுவாக நடந்து, அதன் எல்லையைத் தாண்டுங்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட வேண்டும், சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் ஏரிப் பக்கம் உண்டு. விடிகாலை இருட்டில் புல்லுக்குள் கால் வைக்காமல் தடத்தின் நடுவிலேயே ஓடினால் பெரும்பாலும் போதும். கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ உறிஞ்சவோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட மருத்துவமனை எது என்பதை முந்தின நாளே நடத்துகிறவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடு மேய்க்கிறவர், வலை போடுகிறவர், கரையில் இருக்கும் முனீஸ்வரன் கோயிலுக்கு விளக்கேற்ற வரும் அம்மா, இவர்களுக்கு அன்றும் வழக்கமான நாள்தான். ஆட்டு மந்தை வந்தால் நின்று வழி விடுங்கள். நகரத்தின் கிழக்கிலும் தெற்கிலும் பல ஊர்களில் தமிழ் புரியும், ஆனாலும் கன்னடத்தில் ஒரு 'நமஸ்காரா' சொல்லிப் பேசத் தொடங்கினால் முகம் மலரும். ஜெல் உறையைக் கிழித்தால் கிழிந்த துணுக்கையும் சேர்த்து பாக்கெட்டில் போடுங்கள். அது தண்ணீரில் விழுந்தால் நாமக்கோழி கொத்தும்.

முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் சட்டென்று உட்கார்ந்தால் தலைசுற்றும், பத்து நிமிடம் நடங்கள். ஈரத் துணியை மாற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றுக்கு ஏதாவது போகட்டும், தயிர்சாதமும் ஊறுகாயும் உப்பையும் சாப்பாட்டையும் ஒன்றாகத் தந்துவிடும். கொப்புளத்தைப் பந்தய இடத்தில் குத்த வேண்டாம். வீட்டில் காலைக் கழுவி, கொதிநீரில் போட்ட ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை எடுத்து, தோலை உரிக்காமல் மூடிவையுங்கள்.

மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் வலி அதிகம். படியில் பின்பக்கமாக இறங்கினால் தொடைக்கு எளிது. ஒரு வாரம் ஓட்டமே வேண்டாம், நடை போதும். இரண்டாவது வாரம் அரை மணி நேரம் மெதுவாக. ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்ட முடிகிற மாதிரி எலும்பின் மேல் வலி இருந்து, பத்து நாளாகியும் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள், அது வரை ஓட வேண்டாம்.